இனிஷியலுக்குப் பெட்டி இல்லை

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு பெட்டி இருந்தது. 2019-ல், கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிந்த லீவில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இனிஷியல விரிச்சு அதுல போடு தம்பி, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றார் கடைக்கார அண்ணன். போட்டேன். இருபது விநாடி வேலை. அந்த இருபது விநாடிக்காகப் பிறகு நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

என் பெயருக்கு முன்னால் நிற்பது ஒரே ஒரு 'ப'. அப்பாவின் பெயர். அந்தப் பெயருக்குள் ஒரு ழகரம் உண்டு. ஆதாரில் அது 'இசட் எச்'. அவருடைய வாக்காளர் அட்டையில் வெறும் 'எல்'. என் பள்ளி மாற்றுச் சான்றிதழில், யார் கைவண்ணமோ, 'ஒய்'. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் டிகிரி சான்றிதழிலும் என் பெயருக்குப் பின்னால் ஒற்றை 'பி' மட்டும். இவர்கள் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று ஜெர்மன்காரனை நம்பவைப்பதுதான் வெளிநாட்டுப் படிப்புக்கான ஆயத்தம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஜெர்மனி என்று முடிவானதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. 2021-ல் ஈசிஇ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வாகனங்களுக்கான சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். எனக்கு இரண்டு வருடம் மூத்த ஒருவர் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ், அதாவது கருவிகளுக்குள் பதிக்கும் சின்னக் கணினிகளைப் பற்றிய மேற்படிப்பு, படிக்கப் போனார். கிழக்கு ஜெர்மனி, சாக்சனி மாநிலம். 1953 முதல் 1990 வரை அந்த ஊருக்குப் பெயரே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட். நடு ஊரில் மார்க்ஸின் தலை மட்டும், ஏழு மீட்டர் உயரத்துக்கு, நிற்கிறது. அதன் முன்னால் நின்று எடுத்த படத்தை அவர் அனுப்பி, "ஃபீஸ் கிடையாதுடா, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகை, அதுக்குள்ளயே பஸ் பாஸும் வந்துருது" என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தத் தலையைவிட அந்த வரிதான் பெரிதாகத் தெரிந்தது.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்க ஆரம்பித்துவிட்டது. 'ஜெர்மனி என்றால் இலவசம்' என்று மொத்தமாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் கன்சல்டன்சிக்காரர்கள். நானும் சென்னையில் ஒன்றுக்குப் போனேன். ஏசி, காபி, சுவர் முழுக்க விசா ஒட்டிய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் பிள்ளைகள். கவுன்சலிங் இலவசம் என்றார்கள். அரைமணி நேரத்தில் பேச்சு எப்படியோ பெர்லினில் ஒரு தனியார் கல்லூரிக்கு வந்து நின்றது. அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "அங்க கிடைக்கிறது கஷ்டம்ப்பா" என்ற ஒரே பதில். அரசுப் பல்கலைக்கழகம் ஆள் சேர்த்து விட்டவருக்குக் கமிஷன் தருவதில்லை என்பது வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது.

சரி, நாமே போடுவோம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் ஏபிஎஸ் வந்தது. நம் சான்றிதழ்கள் உண்மையானவையா, நம் படிப்பு அங்கே மேற்படிப்புக்குத் தகுதியானதா என்று பார்த்து ஜெர்மன் தூதரகத்தின் பிரிவு ஒன்று தரும் சான்று. சீனாவிலும் வியட்நாமிலும் முன்பே இருந்ததுதான். 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கும் விசாவுக்குக் கட்டாயம் என்றார்கள். கட்டணம் 18,000 ரூபாய். எனக்குப் பணத்தைவிட இன்னொன்று பயமாக இருந்தது. எல்லா மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அரியர் வைத்த செமஸ்டருடையதும்தான்.

முதல் செமஸ்டர் கணக்கில் எனக்கு ஓர் அரியர். அடுத்த செமஸ்டரிலேயே எழுதி எடுத்துவிட்டேன். ஆனால் 'ஆர்ஏ', அதாவது திரும்ப எழுத வேண்டும் என்று போட்ட அந்தத் தாளை வீட்டில் காட்டவே இல்லை. என் புத்தக அலமாரியில், பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னால் அது நான்கு வருடம் இருந்தது. நான் ஓசூரில். ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டியவர் அப்பா. போனில் இடத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "கணக்காய்யா?" என்றார். "ஆமாப்பா." "சரி, தெளிவா விழுதான்னு பாத்து அனுப்புறேன்." அவ்வளவுதான். அன்று ராத்திரி அவர் அனுப்பிய ஸ்கேன்களில் அந்த ஒன்றுதான் ஓரம் கோணாமல் நேராக இருந்தது.

மதிப்பெண் விஷயத்தில் இன்னொரு கூத்து. அங்கே 1 என்றால் உச்சம், 4 என்றால் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி. நம் சிஜிபிஏ-வை அதற்கு மாற்றுவதற்கு 'பவேரியச் சூத்திரம்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழிக்க வேண்டும். உச்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் அதை வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். என் சிஜிபிஏ 7.9. சிக்கல் எதுவென்றால், குறைந்தபட்சத் தேர்ச்சி எது? எங்கள் 2017 பாடத்திட்டத்தில் தேர்ச்சிக்கு 50 மதிப்பெண். ஆனால் 50 வாங்கியவருக்குக் கிடைக்கும் கிரேடு பாயின்ட் 6. ஐந்து என்று வைத்தால் எனக்கு 2.26. ஆறு என்று வைத்தால் 2.57. நிறையப் படிப்புகளில் கோடு 2.5-ல்தான் கிழித்திருப்பார்கள். ஆக ஒரே ஆள், ஒரே படிப்பு, ஒரு மேசையில் கோட்டுக்கு உள்ளே, இன்னொரு மேசையில் வெளியே. நான்கு இடத்துக்குப் போட்டதில் இரண்டு இடத்தில் மறுத்தார்கள். அந்த இரண்டுமே ஆறு என்று கணக்குப் போட்ட மேசைகள் என்பது என் நம்பிக்கை. நிரூபிக்க வழியில்லை. என்னைவிடக் கூடுதலாக வாங்கியவர்கள் இருந்திருக்கலாம் என்பதை மனசு ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு இந்தக் கணக்கை விளக்கியபோது, "அப்ப ஒன்னு வாங்குறவந்தான் கெட்டிக்காரனா? நல்ல ஊருடா" என்றாள்.

விண்ணப்பம் யூனி-அசிஸ்ட் வழியாக. ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு அது. முதல் படிப்புக்கு 75 யூரோ, கூடுதலாக ஒவ்வொன்றுக்கும் 30. கூடவே எஸ்ஓபி என்கிற நோக்கக் கடிதம். நண்பர்கள் அனுப்பிய மாதிரிகள் எல்லாமே சின்ன வயசில் ரேடியோவைப் பிரித்துப் பார்த்ததில் தொடங்கின. எங்கள் வீட்டு ரேடியோவைப் பிரித்திருந்தால் நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். அதனால் ஓசூரில் நடந்ததையே எழுதினேன். மைனஸ் 40 டிகிரிக்கும் 125 டிகிரிக்கும் மாற்றி மாற்றிப் போட்டெடுக்கும் வெப்ப அறையில் ஒரு போர்டு திரும்பத் திரும்பச் செத்தது. மூன்று வாரம் மென்பொருளைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் ஒரு சால்டர் இணைப்பில் மயிரிழை விரிசல். ஒன்றரைப் பக்கம். அதற்குள் எனக்கு என்ன தெரியவில்லை என்பதும் தானாகவே வந்துவிட்டது. யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்: கனவை எழுதாதே, செத்த போர்டைப் பற்றி எழுது.

ஜெர்மன் மொழி வகுப்பு வார இறுதியில், ஆன்லைனில். எம்பெடட் சிஸ்டம்ஸ் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் அங்கே கடைக்கும் ஆபீசுக்கும் போக வேண்டுமே. பொருளுக்கெல்லாம் பால் உண்டு என்றார் ஆசிரியை. ஸ்பூன் ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டுமில்லை. சரி என்று எழுதிக்கொண்டேன். அடுத்து 'சிறுமி' என்ற சொல்லும் அந்த இரண்டுமில்லாத பக்கத்தில்தான் என்றார். சிறுமியை அஃறிணையில் வைக்கிற மொழி! என் தமிழ் ஐயா கேட்டிருந்தால் வகுப்பைவிட்டு எழுந்து போயிருப்பார். மற்றபடி சொற்களை ஒட்டி ஒட்டி நீளமாக்குவதும், துணை வாக்கியத்தில் வினையைக் கடைசிக்குத் தள்ளுவதும் நமக்குப் பழகியதுதான். முதல் நாள் வருகைப் பதிவில் ஆசிரியை என் சர்நேமைப் படித்தார். ஜெர்மனில் 'இசட்' என்றால் 'ட்ஸ்'. அப்பா பெயரில் இருந்த ழகரம் ஒரு தும்மல் போல வெளியே வந்தது. நான் "யெஸ் மேடம்" என்றேன். முதன்முதலாக ஒருவர் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார், அதுவும் தும்மி.

சாதிப் பெயரைத் துறக்க வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு எதுவும் வருவதில்லை. முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவுதான். எனக்கு அது பெருமையாகவே இருந்திருக்கிறது. ஆனால் உலகத்துப் படிவங்களில் அந்த ஒற்றை எழுத்துக்குப் பெட்டி கிடையாது. குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று. எனவே 'பி' என்று முடியும் டிகிரிக்காரரும் முழுப் பெயருள்ள பாஸ்போர்ட்காரரும் ஒருவரே என்று இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, எல்லா இடத்துக்கும் அந்தக் காகிதத்தையும் சேர்த்தே அனுப்பினேன். டிசம்பரில் கூரியர் டெல்லிக்குப் போனது. ஏப்ரலில் ஏபிஎஸ் சான்று வந்தது. ஜூன் கடைசியில் கெம்னிட்ஸிலிருந்து அனுமதிக் கடிதம்.

இனி பணம். ஜெர்மன் விசாவுக்கு ஒரு வருடச் செலவை முன்கூட்டியே ஒரு முடக்கப்பட்ட கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். ஷ்பெர்கோன்டோ என்பார்கள், பேச்சு வழக்கில் பிளாக்டு அக்கவுன்ட். நான் போன 2023-ல் அது 11,208 யூரோ. 2024-ல் 11,904 ஆனது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதாமாதம் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கைக்கு வரும், எனக்கு 934 யூரோ. அன்றைய விலைக்கு மொத்தம் பத்து லட்சம் ரூபாய் சொச்சம். அப்பா ஒரு பருத்தி ஜின்னிங் மில்லில் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் பத்து லட்சம் என்ற சொல்லே கல்யாணப் பேச்சில் மட்டும்தான் வரும்.

ஊரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளைக்குக் கல்விக் கடன் கேட்டுப் போனோம். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் சொத்து ஈடு வேண்டும் என்றார்கள். அப்பா இரண்டே கால் ஏக்கர் கரிசல் நிலத்தின் பட்டாவையும் சிட்டாவையும் எடுத்து நீட்டினார். விவசாய நிலம் எடுக்க மாட்டோம் என்றார் அதிகாரி. அப்பா அந்தப் பட்டாவைத் திரும்பப் பைக்குள் வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். தாத்தா கிணறு வெட்டிய நிலம் அது.

மிச்சமிருந்தது வீடு. வீடு தாத்தா பெயரில். தாத்தா போய்ப் பதினோரு வருடம். வாரிசுச் சான்றிதழில் இரண்டு பெயர்: அப்பா, அத்தை. வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வக்கீலின் சட்டக் கருத்து, இன்ஜினீயரின் மதிப்பீடு, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அத்தையின் விடுதலைப் பத்திரம் வேண்டும். அதாவது, நான் படிக்கப் போவதற்காக அத்தை பிறந்த வீட்டில் தன் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டும்.

அத்தை சாத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு கிலோ சேவு. அன்று முழுக்கப் பத்திரப் பேச்சே எடுக்கவில்லை. மதியம் சாப்பிட்டார், அம்மாவோடு உட்கார்ந்து புளி ஆய்ந்தார், முற்றத்துத் தூணில் கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "ஏன் மருமகனே, அந்த ஊர்ல ரொம்பக் குளிருமாமே?" என்றார். "மைனஸ்ல போகும் அத்தை." "அப்ப எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளதான் இருக்கப்போற." மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்து, படம் எடுத்து, கையெழுத்துப் போட்டார். தன் பெயரை எழுதி முன்னால் தாத்தாவின் இனிஷியலைப் போட்டார். கல்யாணமாகி முப்பது வருடமாக அவர் எழுதி வந்தது மாமாவின் இனிஷியல். "பழைய ஞாபகத்துல வந்துருச்சு" என்றார். எழுத்தர் அடித்துத் திருத்தச் சொன்னார்.

அப்பா அத்தைக்கு இரண்டரைப் பவுன் கொடுத்தார் என்று பிறகு அம்மா சொன்னாள். அது அம்மாவின் செயினாகத்தான் இருந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

கடன் பதினைந்து லட்சத்துக்குக் கிடைத்தது. படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டாம் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும் என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தச் சின்ன எழுத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓடாம எங்க போகும்" என்றார். அங்கேயும் ழகரம் குறுக்கே வந்தது. ஆதாரில் ஒரு மாதிரி, வாக்காளர் அட்டையில் வேறு மாதிரி. இன்னொரு இருபது ரூபாய் பத்திரம், இந்த முறை அப்பாவும் அப்பாவும் ஒருவரே என்று.

விசாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் விசா விண்ணப்பம் வாங்கும் விஎஃப்எஸ் மையம், இரண்டு செட் நகல், 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோ, கைரேகை, 75 யூரோவுக்கு ஈடான கட்டணம். ஏன் ஜெர்மனி, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்திருந்ததில் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் போகச் சொல்லிவிட்டார்கள். அறை தேடுவதுதான் அதைவிடப் பாடு. மாணவர் விடுதிக்குக் காத்திருப்புப் பட்டியல் நீளம். அந்தப் பதற்றத்தில் தனியார் வீட்டு விளம்பரங்களைப் பார்த்தால், ஓனர் லண்டனில் இருக்கிறார், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவார் என்று ஒருவன் நிச்சயம் வருவான். எனக்கும் வந்தான். சாவி வராது. வாடகையில் 'குளிர்' வாடகை, 'சூடான' வாடகை என்று இரண்டு உண்டு. வீட்டைச் சூடாக்கும் செலவு சேராதது முதலாவது. குளிரைப் பார்த்து மலிவு என்று ஏமாறக் கூடாது.

பெட்டி கட்டியதுதான் சண்டையில் முடிந்தது. இருபத்துமூன்று கிலோவில் இரண்டு. அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ வாங்கி வைத்திருந்தாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பாலிலும் இறைச்சியிலும் செய்ததைக் கையில் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் கூடாது. மீன் மட்டும் இருபது கிலோ வரை கொண்டுபோகலாம். "கருவாட்ட விடுவானாம், பால்கோவாவ விட மாட்டானாம்" என்று அம்மா இரண்டு நாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் போகாது. ஆகவே பருப்புப்பொடி, இட்லிப்பொடி, வறுத்தரைத்த குழம்புப்பொடி, அடி தட்டையான மூன்று லிட்டர் குக்கர். நம் மிக்சியின் மூன்று முள் பிளக் அங்கத்துச் சுவரில் ஏறாது என்று படித்ததால் மிக்சி நின்றது. அத்தையின் சேவு போனது.

அக்டோபர் இரண்டாம் வாரம் சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட். அங்கிருந்து ரயில் மாறி மாறி கெம்னிட்ஸ். விமான நிலையத்தில் அப்பா அழவில்லை, ஃபைலைத்தான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். "ஒரிஜினல் எல்லாம் கைப்பையிலதான?" மூன்று முறை கேட்டார்.

சீனியர் என்னை ஸ்டேஷனில் கூட்டிக்கொண்டு போய் அறையில் விட்டார். பெட்டியை இறக்கியதும் அவர் சொன்ன முதல் வேலை, சாப்பாடு அல்ல, தூக்கம் அல்ல: "கீழ லெட்டர் பாக்ஸ்ல பேர ஒட்டு." அங்கே எல்லாமே தபாலில்தான் வரும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை. பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். அறை எண் எழுதினால் போதாது. எந்தப் பெயரை ஒட்ட என்று கேட்டேன். "சர்நேம்தான்டா. உன் பேர் இங்க யாருக்கு வேணும்?"

ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் அப்பாவின் பெயரை, ஆதாரில் உள்ளபடி 'இசட் எச்' போட்டுப் பெரிய எழுத்தில் எழுதி, மேலே டேப் ஒட்டினேன். பக்கத்துப் பெட்டிகளில் ஒரு ஷ்மிட், இரண்டு சீனப் பெயர்கள், ஒரு குமார். அப்பா பாஸ்போர்ட்டே எடுக்காதவர்.

நகராட்சியில் முகவரியைப் பதிந்து மூன்று வாரம் கழித்து முதல் அரசாங்கக் கடிதம் வந்தது. சாம்பல் நிறக் கவர். மேலே 'ஹெர்' என்று, நம் 'திரு' போல, போட்டு அப்பாவின் பெயர். வீடியோ காலில் காட்டினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைக் கிட்டே இழுத்தார்.

"எம் பேருக்கா வந்திருக்கு?"

"ஆமாப்பா."

"என்னவாம்?"

"வரி நம்பர்ப்பா. இனி இங்க சம்பாதிச்சா இந்த நம்பர்லதான் வரி பிடிப்பாங்க."

அப்பா இன்னும் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார். "ஏய், இங்க வந்து பாரு. ஊர்ல வீட்டு வரியே இன்னும் கட்டல, அதுக்குள்ள ஜெர்மன்காரன் கேக்க வந்துட்டான்."